மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டுமா?

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் ஒன்று சொந்தக் காணிக்குத் திரும்பப் போகிறது என்ற செய்தி பரவியதும் அயலில் முதலில் விலைபேசப்படுவது ஆடு மாடு. அடுத்ததாக விலைபேசப்படுவது மோட்டார் சைக்கிள். “கொண்டுபோற செலவுக்கு அது கட்டாது அண்ணை, இஞ்சையே தள்ளிவிட்டிட்டுப் போங்கோ” என்று புத்தி சொல்வோர் பலர். புத்தி சொல்பவரே வாங்குபவராகவும் இருப்பதுண்டு. புறப்படும் அவசரத்தில் இருக்கும் குடும்பமும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறது. ஊர் போய்ச் சேர்ந்து ஒரு போகம் கழிவதற்குள், விற்ற விலையை விடக் கூடிய விலைக்கு, விற்றதை விட மோசமான ஒன்றைக் கடன்பட்டு வாங்குகிறது. இது தொடர்ந்து நடந்துவரும் ஒரு வீண் இழப்பு. பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய இழப்பு என்பதே எமது கருத்து.

பட்டணத்தில் இருப்பவருக்கு மோட்டார் சைக்கிள் வசதிக்கான பொருளாக இருக்கலாம். மீளக்குடியேறிய கிராமத்தில் அது மண்வெட்டியையும் மருந்து தெளிகருவியையும் போன்ற ஒரு தொழிற் கருவி. வீட்டுத்திட்டம் ஓரிடத்தில், வயல் நாலைந்து கிலோமீற்றருக்கு அப்பால் என்பது வன்னியில் சாதாரணம். உர மூட்டை அதில்தான் வயலுக்குப் போகிறது. நீர் இறைக்கும் இயந்திரத்தையும் அதில்தான் கட்டிக்கொண்டு போகிறோம். விடியப்புறம் மரக்கறிக் கூடை சந்தைக்கும், பால் கொள்கலன் சேகரிப்பு நிலையத்துக்கும் போவதும் அதில்தான். நாளுக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வருகின்ற ஊரில் இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வேறு என்ன இருக்கிறது? மீளக்குடியேறிய முதல் ஆறு மாதங்கள்தாம் அது மிகவும் தேவைப்படும் காலம். அந்த ஆறு மாதங்களில்தான் அது இல்லாமற் போகிறது.

எமது மக்களுக்கு இதன் அருமை புதிதாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 இற்குப் பின் வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பின்பு மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாம். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த வேளையில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தோர் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் படகிலேயே ஏற்றிக் கடந்தனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் புறப்பட்ட இரவில், ஓட்டக்கூட இடமில்லாத அந்த நெரிசலில், பொதிகளைக் கட்டித் தொங்கவிட்டு அதை உருட்டிக்கொண்டே தென்மராட்சிக்குப் போனவர்கள் எத்தனை பேர்! 2009 இல் முள்ளிவாய்க்காலில் அதையும் விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தோம். பின்னர் அங்கு குவியல் குவியலாகக் கிடந்த இரும்பு, ஒவ்வொரு குடும்பத்தினதும் பல வருடச் சேமிப்பு. அத்தகைய மக்கள், வீதி திறந்திருக்கும், ரயில் ஓடும் காலத்தில் வெறும் செலவுக் கணக்குக்குப் பயந்து அதை விற்றுவிட்டுப் போவதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியாதிருக்கிறது.

செலவுக் கணக்கையே பார்ப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் புதிய மோட்டார் சைக்கிள் வருவது அருகியதால் பழையதின் விலை ஏறிக்கொண்டே போனது. பத்து வருடம் ஓடிய ஒன்றும் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைபோனது. இறக்குமதி திறந்த பின்பும் வரிகளும் ரூபாவின் மதிப்பும் சேர்ந்து புதியதை எமது கைக்கு எட்டாத உயரத்திலேயே வைத்திருக்கின்றன. ஆகவே, “விற்றுவிட்டு அங்கே போய் வாங்கலாம்” என்பது பழைய காலத்துக் கணக்கு. உதாரணமாக, அவசரத்தில் 1,50,000 ரூபாவுக்கு விற்று, அதே தரத்தில் ஒன்றை 2,00,000 ரூபாவுக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இழப்பு 50,000. இதனுடன் தரகுக் காசு, பெயர்மாற்றச் செலவு, வாங்கியதன் உள்ளே என்ன பழுது என்று தெரியாமல் கராஜில் கொட்டும் பணம் என்பவற்றையும் சேர்க்க வேண்டும். எமது சொந்த மோட்டார் சைக்கிளின் நோய் எமக்குத் தெரியும். வாங்குவதன் நோய் விற்றவருக்கு மட்டுமே தெரியும். இந்த 50,000 ரூபாவுக்குள் ஒரு மோட்டார் சைக்கிளை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். மிச்சமும் பிடிக்கலாம்.

கொண்டுபோவதற்கு எமக்குள்ள வழிகள் மூன்று. தானே ஓட்டிப் போவது, ரயிலில் பொதியாக அனுப்புவது, லொறியில் ஏற்றுவது. எது மலிவு என்பது எங்கிருந்து எங்கே என்பதைப் பொறுத்தது.

ஓட்டிப் போவதுதான் கைக்காசுக்கு மலிவு. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் ஒன்றுக்கு, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு எட்டு லீற்றர் பெற்றோல் போதும். ஆனால் 2022 இல் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர்தான் என்று வைத்தார்கள். அந்த எட்டு லீற்றரே இரண்டு வாரப் பங்காகிவிட்டது. 2023 செப்டெம்பரில் அந்த முறை நீக்கப்பட்டாலும், எரிபொருள் எப்போதும் கையில் இருக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது என்ற பாடம் மிஞ்சியிருக்கிறது. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ போகிறவர் பகலில் ஓட்டிப் போகட்டும், அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் தேய்ந்த ரயரும் தளர்ந்த செயினுமாக, பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு முந்நூறு நானூறு கிலோமீற்றர் ஓடுவது சிக்கனமல்ல. ஏ9 வீதியில் இரவில் லொறிகளுடன் போட்டிபோடுவதும், புத்தளம்–அநுராதபுரம் வீதியிலும் ஹொரவப்பொத்தானைப் பக்கத்திலும் பொழுதுபட்ட பின் யானையைச் சந்திப்பதும் விளையாட்டல்ல.

ரயிலைப் பற்றி எமது மக்களில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. 1990 ஜூனில் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. அதே 2015 இல் தலைமன்னார் இறங்குதுறை வரையும் பாதை சரிசெய்யப்பட்டது. ஒரு தலைமுறை ரயிலே இல்லாமல் வளர்ந்தபடியால், அது ஆட்களை மட்டுமல்லாமல் பொதிகளையும் ஏற்றும் என்ற எண்ணமே போய்விட்டது. மோட்டார் சைக்கிளையும் பொதியாக ஏற்றுகிறார்கள். புறப்படும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் பொதி அலுவலகம் இருக்கிறதா, மோட்டார் சைக்கிளை இறக்கும் அளவுக்கு ரயில் அங்கே தரித்து நிற்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். சிறிய நிலையத்துக்கு அனுப்ப முயல்வதை விட வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் போன்ற நிலையத்துக்கு அனுப்பி அங்கிருந்து ஓட்டிப் போவது நல்லது. கட்டணத்தைப் பொதி அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருவர் கொடுத்த தொகையை நம்பிப் போகாதீர்கள். நிலையத்து வாசலில் நிற்கும் தரகரிடம் கேட்கவே வேண்டாம்.

தாங்கியிலுள்ள பெற்றோலை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். சொட்டும் இருக்கக் கூடாது. இது வெறும் அலுவலகக் கெடுபிடி அல்ல, மூடிய பெட்டிக்குள் பெற்றோல் ஆவி சேர்ந்தால் தீப்பிடிக்கும். பற்றறி வயரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடிகளையும் கழற்றிச் சாக்கில் சுற்றி உங்களுடனேயே எடுத்துச் செல்லுங்கள். தாங்கியையும் முன் விளக்கையும் பழைய சாக்கால் மூடிக் கட்டுங்கள். பெயர், போய்ச் சேரும் நிலையம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் தடித்த மட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் ஏறும் ரயிலிலேயே அதுவும் வரும் என்று எண்ணிவிட வேண்டாம், பொதிப் பெட்டியில் இடமில்லாவிட்டால் அடுத்ததில் வரும். வந்து சேர்ந்ததும் எடுக்காமல் போட்டுவைத்தால் தாமதக் கட்டணம் ஏறும்.

பாதை திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 ஜனவரி முதல் சில மாதங்கள் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே திருத்த வேலைக்காக ரயில் ஓடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளம் நாட்டின் பல பாதைகளை உடைத்தது. வேறொரு தடையும் உண்டு. எமது ரயில் பாதைகள் கொழும்பை நடுவில் வைத்துப் போடப்பட்டவை. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து, முசலிக்கோ மன்னாருக்கோ திரும்பும் குடும்பத்துக்கு ரயில் உதவாது. புத்தளப் பாதை ராகமையில் இணைகிறது, வடக்குப் பாதை பொல்காவலையில் பிரிகிறது. நேரே வீதியால் அநுராதபுரம், மதவாச்சி ஊடாகப் போனால் மன்னார் 180 கிலோமீற்றர் அளவில் வந்துவிடும். இப்படியே திருகோணமலையிலிருந்து வடக்கே வருவோருக்கும் ரயில் ஒரு பெரிய சுற்று. இவர்களுக்கு லொறிதான்.

லொறி என்றதும் முழு லொறியை வாடகைக்குப் பிடிப்பதை நினைத்துப் பயப்படுகிறோம். ஒரு மோட்டார் சைக்கிளின் எடை ஏறத்தாழ 110 கிலோ. அதற்காக முழு லொறி பிடிப்பது நெல்லு மூட்டை ஒன்றுக்காக உழவு இயந்திரப் பெட்டியைப் பூட்டுவது போன்றது. பார்க்க வேண்டியது திரும்பி வரும் வெறும் லொறி. யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகும் லொறிகள் ஏதாவது ஏற்றிக்கொண்டு திரும்பத்தான் விரும்புகின்றன. பாரம் குறைந்து திரும்பும் லொறிக்கு எமது மோட்டார் சைக்கிள் கிடைத்த வரை இலாபம். ஆகவே வாடகை பேசும்போது, “எவ்வளவு கேட்பீர்கள்?” என்று தொடங்காமல், “எப்போது வெறுமையாகத் திரும்புகிறீர்கள்?” என்று தொடங்க வேண்டும். சந்தையில் மூட்டை இறக்கும் நாட்டாமைமாருக்கு எந்த லொறி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தேநீர்ச் செலவு கொடுத்தாலும் மிச்சமே.

இதிலும் சிறந்தது சேர்ந்து ஏற்றுவது. பதினான்கரை அடி லொறியில் ஐந்து ஆறு மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்தலாம். முழு லொறிக்கு 60,000 ரூபா என்று பேசினால் ஆறு குடும்பத்துக்கு ஆளுக்கு 10,000. இடுக்குகளில் மண்வெட்டி, கோழிக்கூடு, விதை மூட்டை என்று இன்னும் எவ்வளவோ போகும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் கூட்டம் போட்டுப் பேசும் விடயங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய வேலை. யார் எந்த மாதம் போகிறார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே போய்த் தனித்தனியே ஏமாறுவதைத்தான் காண்கிறோம். முகாமில் தண்ணீருக்கு வரிசை ஒழுங்குபடுத்தத் தெரிந்த எமக்கு இது முடியாததல்ல.

ஏற்றும் முறையிலும் கவனம் வேண்டும். நாலு பேர் தூக்கி எறிவது போல ஏற்றினால் சைலன்சர் நெளியும். லொறியின் பின்பக்கத்தை ஒரு மண்மேட்டுக்கோ உயர்ந்த வரம்புக்கோ ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு உருட்டி ஏற்றுங்கள். கியரில் போட்டு நிறுத்துங்கள். கயிற்றைக் கைபிடியின் நுனியில் கட்டாமல், கைபிடிக்குக் கீழே முன் போர்க்கைப் பிடிக்கும் கனத்த பகுதியில் இரு பக்கமும் கட்டி, முன்பக்கம் சற்றுப் பதியும்படி இறுக்க வேண்டும். தும்புக் கயிறு வழியில் தளரும். நைலோன் கயிறு நல்லது. பழைய சைக்கிள் ரியூப் இன்னும் நல்லது, குலுங்கும்போது இழுபட்டுத் திரும்பவும் இறுகும். ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் வைக்கோல் சாக்கு வையுங்கள். பத்து ஐம்பது கிலோமீற்றர் போனதும் ஒரு தடவை நிறுத்திக் கட்டுகளைப் பார்க்கச் சாரதியிடம் சொல்லுங்கள். முழு வாடகையையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பாதி ஏற்றும்போது, பாதி இறக்கியபின். இலக்கத் தகடும் கிலோமீற்றர் மானியும் தெரியும்படி தொலைபேசியில் படம் எடுத்து, லொறி இலக்கத்தோடு சாரதியின் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். நேர்மையான சாரதி இதற்குக் கோபிக்க மாட்டார்.

இவ்வளவும் செய்யலாம், பதிவுப் புத்தகம் கையில் இருந்தால். எமது மக்களின் உண்மையான இடைஞ்சல் இதுதான். ரயில் பொதி அலுவலகம் கேட்கும், வீதியில் பொலிஸ் கேட்கும், போய்ச் சேர்ந்த பிரதேச செயலகத்தில் வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்கவும் வேண்டும். ஆனால் எமது கிராமங்களில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் உரியவரின் பெயரில் இருக்கின்றன? முன்னைய உரிமையாளர் ஒப்பமிட்ட படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே கைமாறிக் கைமாறி, நாலாவது ஐந்தாவது ஆளிடம் ‘ஓப்பின் பேப்பர்’ ஆக நிற்பவை பல. ஊருக்குள் ஓடும்வரை கேள்வி இல்லை. மாகாணம் தாண்டி ஏற்றும்போதுதான் கேள்வி எழுகிறது. அப்போது முன்னைய உரிமையாளர் கனடாவிலோ கல்லறையிலோ இருப்பார். எனவே போகும் திகதி தெரிந்த பிறகல்ல, மீள்குடியேற்றப் பேச்சு அடிபடத் தொடங்கும்போதே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தைச் செய்து முடிக்க வேண்டும்.

கணவர் இறந்துபோன அல்லது காணாமற்போன குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். புத்தகம் அவர் பெயரில் இருக்கும். விற்கவும் ஒழுங்கான விலை கிடைக்காது, ஏற்றவும் தயக்கம். இதை அறிந்தே அடிமாட்டு விலைக்குக் கேட்க வருவோர் உண்டு. அந்தத் தாய்மாரும் சகோதரிகளும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். மரணச் சான்றிதழ், அல்லது 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்த காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம் என்பவற்றை ஒன்றாக வைத்துக்கொண்டு, சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். வளர்ந்துவரும் மகன் அல்லது மகள் நாளைக்கு ஓட்டப் போவது அதைத்தான்.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு சொல். மீள்குடியேற்றத்துக்கு வாகனம் ஒழுங்கு செய்யும்போது ஆட்களை எண்ணுகிறார்கள், தகரத்தையும் பாத்திரத்தையும் எண்ணுகிறார்கள். மோட்டார் சைக்கிள் ‘சொந்த ஏற்பாடு’ என்று விடப்படுகிறது. 2006 இல் சம்பூரை விட்டு ஓடி, 2015, 2016 இல் திரும்பியவர்களானாலும், வலிகாமம் வடக்கில் கட்டம் கட்டமாக விடப்பட்ட காணிகளுக்குப் போனவர்களானாலும், பற்றை வெட்டிக் கிணறு இறைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர்கள். அவர்களுக்கு வாழ்வாதாரம் என்ற பெயரில் பின்னர் கொடுக்கப்படும் கடனில் ஒரு பங்கு, புறப்படும் நாளில் விற்ற பொருளைத் திரும்ப வாங்கத்தான் செலவாகிறது. குடும்பத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்று போக்குவரத்துச் செலவிலேயே சேர்த்துவிட்டால் அந்தக் கடனே தேவைப்படாது. இதைத் திட்ட அறிக்கையில் எழுதக் கவர்ச்சியாக இராது என்பது எமக்கும் தெரியும்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்புவோர் விடயம் வேறு. அங்கே பாவித்த மோட்டார் சைக்கிளை இங்கே கொண்டுவர இறக்குமதி அனுமதி, சுங்க வரி, புதிய பதிவு எல்லாம் தேவை. பழைய ஒன்றுக்கு அந்தச் செலவு ஒருபோதும் கட்டாது. அதை அங்கேயே நிதானமாக நல்ல விலைக்கு விற்றுவிட்டு வாருங்கள். இங்கேயும், இயந்திரம் முற்றாகத் தேய்ந்து எண்ணெய் குடிக்கும் ஒன்றைக் காசு கொடுத்து ஏற்றச் சொல்லவில்லை. நல்ல கராஜ்காரர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலபோக விதைப்புக்கு முன், புரட்டாதி ஐப்பசியில் எல்லோரும் ஒரேயடியாக ஓடும்போது லொறிக்காரர் கேட்டதுதான் விலை. மாசி பங்குனியில் வன்னியில் அறுவடை நடக்கும்போது நெல் வாங்குவதற்காகத் தெற்கிலிருந்து வெறும் லொறிகள் வடக்கு நோக்கி வருகின்றன. வடக்கே மோட்டார் சைக்கிள் ஏற்ற வேண்டியவர்கள் அந்த மாதங்களுக்கு முன்பே சேர்ந்து பேசி, ஒரு லொறிக்காரரைப் பிடித்து வைத்திருந்தால் அரைவாசி வாடகையில் காரியம் முடியும்.